ஆண்டவருக்குப் போட்ட நாற்காலி

பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் அந்தக் கடைக்காரரைத் தெருவே தேக்குக்காரர் என்றுதான் கூப்பிடும். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஞானஸ்நானப் பதிவையும் கரண்ட் பில்லையும் தாண்டி அது வெளியே வந்ததில்லை. அவர் கடையில் எதைத் தொட்டாலும் தேக்கு. அட்டையை அழுத்திச் செய்த அலமாரி என்றால், "உள்ளுக்குள்ள தேக்குங்க." வெளுத்துப்போன ரப்பர் மரத்துக் கட்டில் என்றால், "இளந்தேக்கு, இன்னும் நிறம் ஏறல." ஒருமுறை இரும்பு மடக்கு நாற்காலிக்கு யாரோ விலை கேட்டபோதுகூட வாய் தன்பாட்டுக்கு "தே..." என்று ஆரம்பித்துவிட்டது. இருமலாக மாற்றிச் சமாளித்தார்.

மோசமான மனிதர் என்று சொல்லிவிட முடியாது. தாத்தா வியாபாரி, அப்பா வியாபாரி, இரண்டு பெரியப்பாக்களும் வியாபாரிகள். பால் குடிக்கிற வயதிலேயே பேரம் பேசுகிற சத்தத்தில்தான் தூங்கியிருப்பார். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போவார். பாட்டு ஆரம்பித்தால் அவர் குரல் மற்றவர்கள் குரலுக்கு அரை அடி முன்னால் ஓடும். ஆனால் ஞாயிறு ஞாயிறோடு, கடை கடையோடு. "ஆண்டவர் கோயில்ல இருக்காரு, நான் கடையில இருக்கேன். ஒருத்தர் வேலையில ஒருத்தர் தலையிடறதில்ல" என்பார். ஏதோ இரண்டு பங்காளிகள் எல்லை பிரித்துக்கொண்டதைப் போல.

அவருடைய பெரிய குறை, வீட்டையும் கிடங்காகப் பார்த்ததுதான். கல்யாணமான வருஷமே மனைவியின் கண்ணாடி மேசையை விற்றார். அப்புறம் புத்தக அலமாரி போயிற்று. புத்தகங்கள் சுவரோரம் பயணிகள் மாதிரி வரிசையாக நின்றன. மனைவிக்குப் பல் மருத்துவரிடம் வேலை. நாள் முழுக்க "வாயைத் திறங்க, கொப்பளிங்க, துப்புங்க" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினால், இன்றைக்கு எது போயிருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். சிரித்துச் சிரித்தே சகித்துக்கொண்டாள். போன மாதம் சாப்பாட்டு மேசை போனபோதுதான் சிரிப்பு நின்றது. மேசை மேல் இருந்த பூ ஜாடியை மட்டும், மேசை இருந்த அதே இடத்தில், தரையில் அழகாக வைத்துவிட்டுப் போயிருந்தார் மனிதர்.

அவள் கத்தவில்லை. "இனிமே இந்த வீட்டுக்கு மேசை வேண்டாங்க" என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். அவர் கட்டில் ஓரத்தில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். சமாதானத்துக்கு இரண்டு மேசை கொண்டுவந்து பார்த்தார். இரண்டையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். "நாளைக்குப் போகப்போற மேசையில எனக்கென்ன சாப்பாடு?"

தேக்குக்காரருக்கு அது உறைக்க ஒரு மாதம் ஆயிற்று. கடையில் நடந்ததையெல்லாம் இத்தனை வருஷமாக அவர் கொட்டியது அந்த மேசையில்தான். யாரை எப்படி மடக்கினோம், யார் எப்படி நழுவினான், எல்லாம். அவள் எதிரே உட்கார்ந்து, "நீங்க திருந்தவே மாட்டீங்க" என்று சொல்லி ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பாள். இப்போது சுவரிடம் சொல்ல முடியுமா? அவள் மறுபடி எதிரே வந்து உட்கார வேண்டும். அதற்கு எந்த விலையும் கொடுக்கத் தயாராக இருந்தார். கஷ்டம் என்னவென்றால், அவள் விலையே சொல்லவில்லை.

அந்த ஞாயிறு போதகர் பிரசங்கத்தை முடித்துவிட்டுச் சொன்னார்: "இந்த வாரம் ஒரு சின்ன காரியம் செய்வோம். வீட்டுலயோ, வேலை செய்யற இடத்துலயோ ஒரு நாற்காலியக் காலியாப் போட்டு வைங்க. ஆண்டவர் அதுல உக்காந்திருக்காருன்னு நெனச்சுக்கோங்க. வேற எதுவும் செய்ய வேண்டாம். உங்க வேலைய நீங்க பாருங்க."

ஆராதனை முடிந்ததும் தேக்குக்காரர் வாசலில் போதகரைப் பிடித்துக்கொண்டார். "அருமையான யோசனை ஐயா. சபையில யார் வீட்டுலயாவது நாற்காலி பத்தலைன்னா நம்ம கடைக்கு..." மனைவியின் முழங்கை அவர் விலாவைத் தேடிப்பிடித்தது.

வழியில் அவர் விடவில்லை. "கடையில நானும் போடறேன். இருக்கறதுலயே நல்லதா எடுத்துப் போடறேன்."

"புதன்கிழமைக்குள்ள அவரை எழுப்பி விட்டுட்டு அத வித்துடுவீங்க."

"என்னம்மா பேச்சு இது! பந்தயமா?"

அவள் நின்றாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "பந்தயம்னே வச்சுக்கோங்க. அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த நாற்காலி கடையில இருந்தா, நானே வந்து ஒரு மேசையத் தேர்ந்தெடுத்துக்கிறேன். இல்லைன்னா இந்த வீட்டுல மேசைங்கற பேச்சையே எடுக்கக் கூடாது."

கடைசியில் விலை சொல்லிவிட்டாள்! தேக்குக்காரர் துள்ளாத குறைதான். ஏழு நாள் ஒரு பொருளை விற்காமல் இருப்பது பெரிய வித்தையா? சோம்பேறிகள் வருஷக்கணக்கில் செய்கிறார்களே.

திங்கட்கிழமை காலை அவர் தேர்ந்தெடுத்தது, மூடிப்போன ஒரு வக்கீல் அலுவலகத்திலிருந்து வந்த நாற்காலி. உயர்ந்த முதுகு, பிரம்புப் பின்னல், கை வைத்தால் எடுக்க மனம் வராத அகலமான கைப்பிடி. அந்தக் கடையில் நிஜமான தேக்கு என்று சொன்னால் அது ஒன்றுதான். துடைத்து, தன் மேசைக்கு நேர் எதிரே போட்டார். போட்டதோடு நின்றிருக்கலாம். ஒரு அட்டையில் "விற்பனைக்கு அல்ல" என்று கொட்டை எழுத்தில் எழுதி நாற்காலியின் கழுத்தில் மாட்டிவிட்டார்.

அங்கேதான் சறுக்கினார். போகாத சரக்கைப் போக வைக்க, அதன்மேல் "விற்றாயிற்று" என்றோ "முன்பணம் வாங்கியாயிற்று" என்றோ அட்டை மாட்டுவது அந்தத் தொழிலில் பாலபாடம். தெருவுக்கே அந்தப் பாடத்தை நடத்தியவர் தேக்குக்காரர்தான். அவர் கடையில் அட்டை தொங்கினால், "இங்கே பார், என்னைக் கேள்" என்று அர்த்தம். எனவே வந்தவர்கள் எல்லாரும் கட்டிலையும் பீரோவையும் விட்டுவிட்டு நேரே நாற்காலியிடம் போனார்கள்.

முதலில் வந்தவர் புதிதாக விடுதி ஒன்று கட்டிக்கொண்டிருந்தவர். வரவேற்பறைக்குச் சாமான் தேடி வந்திருந்தார். நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?"

"அது விக்கறதுக்கு இல்லீங்க."

"தெரியும் தெரியும். சும்மா சொல்லுங்க."

"நெஜமாவே இல்லீங்க. ஒருத்தருக்குன்னு போட்டிருக்கேன்."

"யாரு? எப்ப வருவாரு?"

தேக்குக்காரர் நாற்காலியைப் பார்த்தார். "வந்துட்டாரு" என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

விடுதிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "எத்தன கடை ஏறி இறங்கியிருக்கேன். இந்த டெக்னிக் புதுசா இருக்கே! சரி, நாளைக்கு வர்றேன். நீங்களும் கொஞ்சம் எறங்கி வாங்க."

மறுநாள் வந்து, அவராகவே விலையை ஏற்றினார். புதன்கிழமை இன்னும் ஏற்றினார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தேக்குக்காரர் சத்தியமான உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவரும் அவரை நம்பவில்லை. கைக்கு எட்டின விலை எதிரே நின்று சிரிக்கிறது. உள்ளங்கை அரித்தது. மேசைக்கடியில் கையைத் தொடையில் அழுத்தி வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மனைவி எதிரே உட்கார்ந்து ரொட்டி பிட்டுத் தருவதை நினைத்துக்கொண்டார்.

இது ஒரு தொல்லை என்றால், இன்னொன்றை அவர் எதிர்பார்க்கவே இல்லை. கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி அலமாரி பார்க்க வந்தது. பெண் கதவைத் தடவிப் பார்த்து, "இது தேக்குதானே அங்கிள்?" என்றாள்.

வாய் திறந்தாயிற்று. சொல் நாக்கு நுனிக்கு வந்தாயிற்று. தற்செயலாகக் கண் நாற்காலிப் பக்கம் போனது. அங்கே ஒருவரும் இல்லை. அது கடைக்கு வந்த யாருக்கும் தெரியும். ஆனால் மாமனார் உட்கார்ந்திருக்கிற அறையில் சட்டையில்லாமல் நுழைந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது தேக்குக்காரருக்கு.

"தேக்கு... மாதிரி நிறம்மா" என்றார்.

"அப்ப உள்ள?"

இன்னொரு தடவை நாற்காலியைப் பார்த்தார். "மரத்தூள அழுத்திச் செஞ்சது. தண்ணி படக் கூடாது. பட்டா ரொட்டி மாதிரி ஊதிடும்."

ஜோடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டது. தேக்குக்காரர் நாற்காலியைப் பார்த்து, "திருப்தியா?" என்றார். பேரத்தில் பேசுகிறவனைச் சமாளித்துவிடலாம், பேசாமல் உட்கார்ந்திருக்கிறவனிடம்தான் தோற்க வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

வியாழக்கிழமைக்குள் அந்தக் கடையில் எந்தக் கட்டிலுக்குக் கால் ஆடும், எந்த மெத்தை இரண்டு வீடு பார்த்தது என்பதெல்லாம் வெளியே வந்துவிட்டது. சிலர் போய்விட்டார்கள். ஒரு கிழவர், "கால் ஆடும்னு நீயே சொல்றியா? அப்ப மத்ததெல்லாம் ஆடாது" என்று வாங்கிக்கொண்டும் போனார். சாமான் ஏற்றி இறக்கும் வண்டிக்காரர் மட்டும் கவலைப்பட்டார். "முதலாளி, உடம்புக்கு ஒண்ணுமில்லையே? டாக்டரைப் பாத்தீங்களா?"

"உடம்பு நல்லாத்தான்யா இருக்கு. வாய்தான் கட்டுப்பட்டுக் கெடக்கு."

சொன்னால் சிரிப்பீர்கள், மத்தியானச் சாப்பாட்டை அவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட ஆரம்பித்தார். சுவரைவிட எவ்வளவோ மேல். ஒருநாள் டிபன் டப்பா மூடியைத் திறந்து, பழக்க தோஷத்தில், காலையில் நடந்ததையெல்லாம் சத்தமாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். விடுதிக்காரர் எப்படி முறுக்கினார், நான் எப்படி அசையவில்லை. பாதியில் நிறுத்தி, யாராவது பார்க்கிறார்களா என்று தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு மிச்சத்தையும் சொல்லி முடித்தார்.

சனிக்கிழமை மனைவிக்கு விடுமுறை. ஊர் எல்லையில் ஒரு பீரோ இறக்க வேண்டியிருந்தது. பீரோ மாடி ஏறாது என்று வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே புலம்பியிருந்ததால், தேக்குக்காரர் நேரில் போக வேண்டியதாயிற்று. மனைவியைக் கடையில் உட்கார வைத்தார். "விடுதிக்காரன் வருவான். என்ன சொன்னாலும் இல்லைன்னு சொல்லு. நாளைக்கு ஒரு நாள்தான்."

"எனக்கே சொல்றீங்களா?" என்றாள் அவள்.

பீரோ மாடி ஏறுவதற்குள் அவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கி, கடைக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றார். மேசைக்கு எதிரே இடம் வெறுமையாக இருந்தது. அட்டை மட்டும் மேசைமேல் கிடந்தது. மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கம்மா?"

"குடுத்துட்டேங்க."

"வித்துட்டியா?"

"விக்கல. குடுத்துட்டேன்."

தேக்குக்காரர் உட்கார இடம் தேடினார். ஒரு ஸ்டூல் கிடைத்தது. அவள் நின்றபடியே சொன்னாள்:

"ஒரு அம்மா வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தாங்க. முதுகுல ஆபரேஷன் பண்ணி வந்த மனுஷன். மருந்துக் கடைக்குப் போற வழியில நிக்க முடியாம நம்ம வாசல்ல சாஞ்சுட்டாரு. கொஞ்சம் உக்காரட்டுமான்னு கேட்டாங்க. நான் போய் வேண்டாம்னு சொல்வேனா? அதுலதான் உக்காந்தாரு. உக்காந்ததும் கண்ண மூடிட்டாரு. அந்தம்மா என்கிட்ட ரகசியமா, ஆபரேஷனுக்கு அப்புறம் இவரு முகம் சுளிக்காம உக்காந்தது இப்பதாங்கன்னாங்க. என்ன விலைன்னு கேட்டாங்க. விக்கறதுக்கு இல்லைன்னு சொன்னேன். சரிம்மான்னு அவரை எழுப்பினாங்க. அவரு எழுந்திரிக்கும்போது அந்தக் கைப்பிடிய ஒரு தடவு தடவினாரு பாருங்க..." அவள் காலி இடத்தைக் காட்டினாள். "யாருக்குப் போட்டோமோ அவரே உக்காந்திருந்தாலும் இந்நேரம் எழுந்து எடம் விட்டிருப்பாருன்னு தோணுச்சு. தள்ளுவண்டி புடிச்சு ஏத்தி விட்டுட்டேன்."

தேக்குக்காரருக்கு முதலில் வந்தது கோபம். ஒரு வாரம்! எவ்வளவு விலை, எவ்வளவு அரிப்பு! அதற்குப் பின்னாலேயே சிரிப்பு வந்து கோபத்தைத் தள்ளிவிட்டது. "முப்பது வருஷமா இந்தக் கடையில ஒரு பொருளக்கூட நான் சும்மா குடுத்ததில்ல. நீ ஒரே நாள் உக்காந்தே, கடையோட மானமே போச்சு!"

"பந்தயம் போச்சுன்னு சொல்லுங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. "நாந்தானே கெடுத்தேன்."

அவர் பதில் சொல்வதற்குள் விடுதிக்காரர் வந்து நின்றார். வெற்றிடத்தைப் பார்த்தார். "ஓஹோ! ஒளிச்சு வச்சாச்சா? கடைசி ஆட்டமா?"

"போயிடுச்சுங்க. நேத்தே வாங்கியிருந்தா... இல்ல, நேத்தும் குடுத்திருக்க மாட்டேன்."

விடுதிக்காரர் நம்பவில்லை, ஆனால் சலித்துப்போயிருந்தார். கண்ணை ஓட்டி, மூலையில் கிடந்த வேறொரு நாற்காலியைக் கண்டுபிடித்தார். அதே உயரம், அதே பிரம்பு. "இதோ இருக்கே! இது அதோட ஜோடிதானே? அதுக்குச் சொன்ன அதே விலைய இதுக்குத் தர்றேன். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இப்பவே எடுத்துட்டுப் போறேன்."

ஒரு வார்த்தை. அந்த நாற்காலி பலாகூட இல்லை. என்ன மரம் என்று அந்த மரத்துக்கே தெரியாது. பந்தயமும் முடிந்துபோயிற்று, இனி யாருக்காகப் பல்லைக் கடிக்க வேண்டும்? எதிரே பார்க்க நாற்காலியும் இல்லை. தேக்குக்காரர் வாயைத் திறந்தார். பழக்கத்தில் கண் எதிரே போயிற்று. வெறும் சிமெண்டுத் தரை. வாசல் வெயில் ஒரு துண்டு வந்து படுத்திருந்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது: நாற்காலி போய்விட்டது, உட்கார்ந்திருந்தவர் போகவில்லை. பயமாக இல்லை. வீட்டில் இன்னொரு அறையில் நம்ம ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் மனசு ஒரு மாதிரி நிம்மதியாகக் கிடக்குமே, அப்படி இருந்தது. இந்த ஒரு வாரமா? இல்லை, இந்த முப்பது வருஷமும் இங்கேயேதான் இருந்திருப்பாரோ? அத்தனை தேக்கையும் கேட்டுக்கொண்டா? தேக்குக்காரருக்குக் காது மடல் சூடாயிற்று.

"ஜோடி இல்லீங்க. தேக்கும் இல்ல" என்றார். "சாயம் அடிச்சதே நாந்தான்."

விடுதிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஒண்ணு பெரிய கெட்டிக்காரரா இருக்கணும், இல்ல..." என்று இழுத்து, முடிக்காமல் போய்விட்டார்.

திரும்பினால் மனைவி அங்கே இல்லை. கடையின் பின்பக்கத்தில் மேசைகளுக்கு நடுவே நின்று, பல் மருத்துவர் பல்லைத் தட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"நாற்காலியக் குடுத்தது நான், அப்ப பந்தயத்துல தோத்ததும் நான். மேசை எடுக்க வேண்டியது நான். இது எப்படி?"

தேக்குக்காரர் அவள் பக்கத்தில் போய் நின்றார். வியாபாரிக்கு மனசு நிறைந்தால் ஒரே வழி வியாபாரம்தான். "அது வேண்டாம். அடியில செல்லு அரிச்சிருக்கு."

"இது?"

"ஒரு பக்கம் மடங்கும். சாப்பிடும்போது மடங்கும்."

"இந்தக் குட்டை மேசை?"

"பாக்கத்தான் லட்சணம். மேல ஒட்டினது பேப்பரு."

"ஏங்க, உங்க கடையில நல்ல மேசையே கெடையாதா?" அவள் சிரித்துவிட்டாள். ஒரு மாதத்துச் சிரிப்பு மொத்தமாக வந்தது. கடைசியில் வட்டமான ஒன்றின் மேல் கையை வைத்தாள். ஓரத்தில் சூடு பட்ட கறை; மற்றபடி கால் நாலும் ஒழுங்கு. "இதுக்கு நல்ல விலை வந்தா என்ன பண்ணுவீங்க? உண்மையச் சொல்லுங்க."

விற்கவே மாட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தேக்குக்காரர் யோசித்தார். "உள்ளங்கை அரிக்கும்மா. அது நிக்காது. ஆனா உன்னைக் கேக்காம விக்க மாட்டேன்."

"இந்த வார்த்த போதும்" என்றாள் அவள். "இது தேக்கு."

வண்டிக்காரரைக் கூப்பிடவில்லை, அவரும் பீரோவில் அடிபட்டுச் சுருண்டிருந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, நாலு வீட்டுக்கு ஒரு தரம் இறக்கி வைத்து மூச்சு வாங்கி, இரண்டு பேரும் தெரு வழியே தூக்கிப் போனார்கள். பார்த்தவர்களில் இரண்டு பேர் விலை கேட்டார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முறைத்தாள். நடந்தார்கள்.

அன்று இரவு சூப்பும் ரொட்டியும்தான். அவள் எதிரே உட்கார்ந்தாள். சாப்பாட்டு ஜெபம் சொல்வது எப்போதும் அவர் பொறுப்பு. அதையும் அவர் ஒரு கொள்முதல் மாதிரிதான் நடத்துவார். இதைத் தாரும், அதைத் தாரும், நான் இன்னது செய்கிறேன். கையைக் கோத்து, கண்ணை மூடி, "ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. வேண்டியதெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தது. சொல்லைத் தேடவும் தோன்றவில்லை. யாரோடு இருக்கிறோம் என்று தெரிந்த பிறகு, சும்மா இருப்பதே நன்றாக இருந்தது.

ரொம்ப நேரம் ஆயிற்று. மனைவி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "அவரு ஒண்ணும் எழுந்து போயிட மாட்டாரு. ஆமென் சொல்லுங்க, சூப் ஆறுது."